மந்திரமும் மாத்திரையும்



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று என்னைப் பல நாள் எண்ண வைத்தது. மாரிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்தார். அவருடைய தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 28 ஆண்டுகள் உழைத்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்து வீட்டில் அமர்ந்தவர். இப்போது அவருக்கு மூச்சிரைப்பு மிகுதி. பத்தடி நடந்தால் நின்று இளைப்பாற வேண்டும். இரவில் படுத்தால் உறக்கம் வாராமல் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

சில திங்களுக்கு முன் பெரியவர் ஒருவர் அவரை நாள்தோறும் காலையும் மாலையும் முருகப் பெருமானின் ஆறெழுத்தை ஓதிவரும்படி கூறியிருக்கிறார். அவ்வாறே ஓதத் தொடங்கினார். உறக்கம் வந்தது, எரிச்சலும் கடுஞ்சொல்லும் குறைந்தன. வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால், அண்மையில் அவர் தம் மருந்துகளையெல்லாம் ஒரு பெட்டியிலிட்டு மூடிவிட்டாராம். "மந்திரம் காக்கும்போது மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறாராம்.

அம்மையார் எழுதுகிறார்: "ஐயா, மந்திரம் உடலுக்கு நலம் செய்வது உண்மையா? உண்மையாயின் மருந்தை விட்டுவிடலாமா? நான் தடுத்துப் பேசினால் அவர் உள்ளம் புண்படும். வந்த உறக்கமும் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். பேசாமல் இருந்தாலோ நோய் முற்றிவிடுமோ என்று அஞ்சுகிறேன்."

இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வி அன்று. தங்கவயலின் வரிசை வீடுகள் பலவற்றில் இன்று எழும் கேள்வி. ஆதலின் விடையை எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

மந்திரம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தம் செய்யுளியலிலேயே மந்திரத்திற்கு இலக்கணம் கூறியிருக்கிறார். நிறைவுடைய சான்றோரின் ஆணையிற் பிறந்த மறைவான சொல் என்பது அவர் கருத்து. நினைப்பவரைக் காப்பது மந்திரம் என்று பிற்காலத்தார் பொருள் கூறினர். அதனை ஓதும் முறையையும் மூன்றாக வகுத்தனர். பிறர் செவியில் விழும்படி ஓதுவது ஒன்று. உதடு அசையத் தன் செவிக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுப்பது இரண்டாவது. நாவும் அசையாமல் உள்ளத்தில் நினைப்பது மூன்றாவது. இவற்றுள் மானதம் எனப்படும் மூன்றாவதே உயர்ந்தது என்று நூல்கள் கூறும். ஆனால் உடல் நலத்தை நோக்கினால் முதல் இரண்டிற்கும் தனிப் பயன் உண்டு. ஏனெனில் வாய்விட்டு ஓதும்போது மூச்சு வெளியேறியே ஆகவேண்டும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரும் செய்திக்கு இதுவே திறவுகோல்.

நம் முன்னோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்தவர்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற சுரங்கத்தில் அவர்கள் இறங்கினார்கள். ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். எந்த நேரத்தில் பாறை வெடித்துச் சிதறும் என்று எவராலும் சொல்ல முடியாது. கூண்டு இறங்கும்போது ஒருவர் முருகனை அழைப்பார். ஒருவர் மாரியம்மனை அழைப்பார். மற்றொருவர் மாதாவை அழைப்பார். என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். "கூண்டில் என்ன முணுமுணுப்பீர்கள்?" என்று சிறுவயதில் அவரைக் கேட்டேன். "என்னவோ ஒன்று. அது ஓடிக்கொண்டிருந்தால் கை நடுங்காது" என்றார்.

அந்த எளிய விடையில் பெரிய உண்மை ஒன்று அடங்கியிருந்தது என்பதைப் பிற்காலத்தில் மருத்துவ நூல்களைப் படித்தபோது உணர்ந்தேன்.

அமைதியாக இருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அச்சமோ கவலையோ பற்றிக்கொண்டால் மூச்சு விரைகிறது; மேலோட்டமாகவும் ஆகிறது. மூச்சு விரைந்தால் அச்சம் இன்னும் பெருகும். இது ஒரு சுழல். நம் விருப்பப்படி இதயத்தை மெதுவாகத் துடிக்கச் செய்ய நம்மால் இயலாது. குருதி அழுத்தத்தைக் குறைக்கவும் இயலாது. ஆனால் மூச்சை மட்டும் நாம் மெதுவாக்க முடியும். உள்ளுறுப்புகளின் கோட்டைக்கு இறைவன் வைத்த ஒரே வாயில் மூச்சு என்று கூறினும் பொருந்தும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளியே விடும்போது சற்றுத் தளர்கிறது. மூளையிலிருந்து இறங்கி இதயத்திற்கும் வயிற்றிற்கும் செல்லும் வேகஸ் நரம்பே இவ்வேலையைச் செய்கிறது. ஆகவே வெளிமூச்சு நீளுந்தோறும் உடல் ஓய்வுநிலையை நோக்கிச் செல்கிறது. மந்திரத்தை ஒரே மூச்சில் நிறுத்தி ஓதுபவர், மூச்சைப் பற்றி ஒன்றும் அறியாமலே, வெளிமூச்சை நீட்டிக்கொள்கிறார்.

இதனை அளந்து காட்டிய ஆய்வு ஒன்றை நேயர்கள் அறிய வேண்டும். நம் சுரங்கம் மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டின் டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் அது வெளிவந்தது. இத்தாலி நாட்டு மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் நலமுள்ள 23 பேரை ஆராய்ந்தனர். கத்தோலிக்கரின் செபமாலையை இலத்தீன் மொழியில் ஓதச் செய்தனர். பின்னர், திபெத்தியப் பௌத்தர் ஓதும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தையும் ஓதச் செய்தனர். என்ன கண்டனர்? இரண்டு ஓதுதலிலும் மூச்சு தானாகவே நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. அதாவது ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி.

இப்பத்து வினாடியில் ஒரு சிறப்பு உண்டு. நம் குருதி அழுத்தம் இயல்பாகவே ஏறத்தாழ பத்து வினாடிக்கு ஒருமுறை சிறிதே ஏறி இறங்குகிறது. மூச்சின் அலையும் அழுத்தத்தின் அலையும் ஒன்றாகச் சேரும்போது, ஊஞ்சலை அது வரும் வேளை பார்த்து உந்துவதுபோல், இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. கழுத்துத் தமனியிலும், இதயத்தினின்று புறப்படும் பெருந்தமனியிலும் குருதி அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் இவை இதயத்தைத் தளர்த்தும், இறங்கினால் விரைவுபடுத்தும். இக்காவலின் கூர்மையைக் குறிக்கும் அளவு, அவ்வாய்வில் 9.5இலிருந்து 11.5ஆக உயர்ந்தது. இதய நோயாளர்க்கு இக்கூர்மை மழுங்கியிருப்பது நல்ல அறிகுறியன்று. ஆதலின் இவ்வுயர்வு நன்மையின்பாற்பட்டதே.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். நலமுள்ள 12 பேரை 'ஓம்' என்று நீட்டி ஓதச் செய்து, அவ்வேளையில் மூளையில் நிகழ்வதைக் காந்த அலைப் படக்கருவியால் நோக்கினர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே நேர அளவு 'ஸ்ஸ்' என்று வெறும் ஓசை எழுப்பவும் செய்தனர். 'ஓம்' ஓதும்போது அச்சத்தோடும் உணர்ச்சிக் கொந்தளிப்போடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் அடங்கியிருந்தன. 'ஸ்ஸ்' ஓசையில் அவ்வாறு அடங்கவில்லை. கூண்டில் என் பெரியப்பாவின் கை நடுங்காமல் இருந்ததன் காரணத்தை இது ஓரளவு விளக்குகிறது அன்றோ?

'ஓம்' என்பதன் முடிவில் வாய் மூடி 'ம்' என்று முரலுகிறோம். அவ்வாறு முரலும்போது மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் காற்று நன்கு புழங்குகிறது. அதனால் மூக்கின் வழியே வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு, அமைதியாக மூச்சு விடும்போது உள்ளதைக் காட்டிலும் 15 மடங்கு மிகுவதாகச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் கண்டனர்.

இனி நடுநிலையோடு சில சொற்கள் கூற வேண்டும். மேற்கூறிய ஆய்வுகள் சிறியவை. 23 பேர், 12 பேர் என்னும் எண்ணிக்கையைக் கொண்டு, "மந்திரம் நோயைத் தீர்க்கும்" என்று ஒருவர் முழங்கினால் அவர் ஆய்வாளர் அல்லர், வணிகர். அந்த ஆய்வாளர்களும் அவ்வாறு கூறவில்லை. ஆராயப்பட்டவர்கள் நோயாளர்களும் அல்லர்.

பயன் அச்சொல்லுக்கு உரியதா, மூச்சுக்கு உரியதா என்பதும் ஆராயத்தக்கதே. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், 'ஒன்று' என்னும் பொருளுடைய எளிய ஆங்கிலச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் உடல் அமைதியுறும் என்று காட்டினார். பத்தியுடையார்க்கு இது குறைவாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நம்பிக்கையோடு பற்றிய சொல்லையே மனிதன் நாள்தோறும் விடாமல் ஓதுவான்; வெறுஞ்சொல்லைப் பத்து நாளில் விட்டுவிடுவான்.

தங்கவயலில் எல்லா நெறியினரும் வாழ்கிறோம். செபமாலை ஓதும் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. இறைவன் திருப்பெயரை எண்ணி ஓதும் இசுலாமியர் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் காட்டிய வழியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டவர்களின் வழித்தோன்றல்களும் உண்டு. கடவுளே வேண்டா என்னும் பகுத்தறிவு நண்பர்களும் உண்டு. நுரையீரல் எவருடைய சமயத்தையும் கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு இனிய சொல்லைக் கொள்ளலாம். ஒரு சொல்லும் வேண்டாதவர் மூச்சை மட்டும் எண்ணலாம்.

இனி அம்மையாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். மருந்தை விட்டுவிடலாமா?

விடவே கூடாது. காரணம் கூறுகிறேன்.

நம் சுரங்கத்துத் தங்கம் வெண்கற் பாறையில் கலந்திருந்தது. அப்பாறையைத் துளையிட்டு வெடிவைத்துத் தகர்த்தபோது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள் பறந்தது. அதில் இருந்தது சிலிக்கா. மூச்சோடு அது நுரையீரலின் அடி அறைகள் வரை சென்று தங்கிவிட்டது. உடலின் காவல் அணுக்கள் அதனை விழுங்குகின்றன, விழுங்கி மடிகின்றன. அவ்விடத்தில் வடு உண்டாகிறது. வடு பெருகப் பெருக, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. இதுவே சிலிக்கோசிஸ். நம் நாட்டில் இந்நோய் முதன்முதல் பதிவானது கோலார்த் தங்கவயலில்தான், ஆண்டு 1947. சுரங்கத்தை விட்டு வந்து பல்லாண்டு ஆனபின்பும் இவ்வடு வளரக்கூடும். உள்ளே தங்கிய தூளை வெளியேற்றும் மருந்து இன்றுவரை இல்லை. மருந்தாலேயே வெளியேற்ற முடியாததை மந்திரம் வெளியேற்றும் என்று எண்ணுதல் பேதைமை.

ஆயின் மருந்து எதற்கு என்று கேட்கலாம். இறுகிய மூச்சுக் குழல்களைத் தளர்த்தவும், இடையில் வந்து சேரும் நோய்களைத் தடுக்கவும் மருந்து வேண்டும். அவ்வாறு வந்து சேரும் நோய்களுள் கொடியது காசநோய். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதிற் குடியேறுகிறது.

இதனை நூலில் மட்டும் படித்து எழுதவில்லை. நான் கூறிய அதே பெரியப்பா தம் முதுமையில் ஒருநாள் மாத்திரைகளை நிறுத்தினார். ஓதுதலால் நெஞ்சு இலேசானது உண்மை. அந்த இலேசை நோய் நீங்கிய இலேசு என்று அவர் நம்பிவிட்டார், நாங்களும் நம்பிவிட்டோம். மாலையில் வந்த காய்ச்சலைப் பனிக்காய்ச்சல் என்றோம். உடல் மெலிந்ததை வயதின் மெலிவு என்றோம். சளியைச் சோதித்தபோது காசநோய் இரு நுரையீரலிலும் பரவியிருந்தது. மருந்து உண்டார், ஆயினும் காலம் கடந்துவிட்டது. அவருடைய கடைசி இரவுகளிலும் அந்த ஆறெழுத்து அவருக்குத் துணை நின்றது, அச்சமின்றியே போனார். ஆனால் நான்கு திங்கள் முன்னதாக நாங்கள் அவரை அழைத்துச் சென்றிருந்தால் இன்னும் சில ஆண்டுகள் எங்களோடு இருந்திருப்பார் என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. அவர் மந்திரத்தின்மீது எனக்குக் குறையில்லை. எங்கள் கவனக் குறைவே குறை.

ஆகவே ஓதும் முறையையும், அதில் கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்தே கூறுகிறேன்.

முதுகு நிமிர்ந்திருக்குமாறு அமர்க. தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமரலாம். நான்கு வினாடி அளவு மூக்கால் மெல்ல மூச்சை இழுத்து, ஆறு வினாடி அளவு 'ஓம் சரவணபவ' என்றோ தமக்கு உரிய வேறு சொல்லையோ மெல்ல நீட்டி ஓதுக. இவ்வாறு ஓதினால் ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி ஆகும். 108 மணியுள்ள மாலை ஒருமுறை உருள 18 நிமிடம் செல்லும். நான்கு நிமிடத்தில் மாலையை உருட்டி முடிப்பவர் எண்ணிக்கையை நிறைவேற்றுகிறார்; மூச்சின் பயனை இழக்கிறார். 108 முடியாதவர் 54 ஓதினால் போதும்.

மூச்சிரைப்பு உள்ளவர்க்குப் பத்து வினாடி கடினமாக இருக்கும். அவர்கள் ஏழு அல்லது எட்டு வினாடியில் தொடங்குக, வருந்தி நீட்டாதீர்கள். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தவே கூடாது. திருமூலர் மூச்சுப் பயிற்சிக்கு 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்கு வகுத்திருக்கிறார். இழுப்பது 16, அடக்குவது 64, விடுவது 32. அது தக்க ஆசிரியரிடம் படிப்படியாகப் பயில்வார்க்கு உரியது. நுரையீரலும் இதயமும் நலிந்தவர்க்கு உரியதன்று. தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடுக. வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் விரைக.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் குருதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ச் சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. மருந்தைத் தொடங்கினால் குறைந்தது ஆறு திங்கள் இடைவிடாமல் உண்ண வேண்டும். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும்.

விடியுமுன் மாரிக்குப்பத்தில் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் சுரங்கத்தில் இறங்கவில்லை. ஆனால் கவலை இறங்காத நெஞ்சு இல்லை. வண்டியில் இடம் கிடைத்து அமர்ந்த பின், கைப்பேசியை எடுப்பதற்கு முன், பத்து நிமிடம் மெல்ல மூச்சு விட்டுப் பாருங்கள். வாய்விட்டு ஓதக் கூச்சமாயின் உள்ளத்தில் ஓதுங்கள். ஆனால் வெளிமூச்சு நீளட்டும்.

முடிவாக, மடல் எழுதிய அம்மையாருக்கு: அம்மா, உங்கள் தந்தையாரிடம் மந்திரத்தை எதிர்த்து ஒரு சொல்லும் கூற வேண்டா. அது அவர்க்கு உண்மையாகவே நலம் செய்கிறது. உறக்கம் வந்ததும், சினம் தணிந்ததும் வெறும் எண்ணம் அல்ல. உடலில் நிகழ்ந்த மாற்றம். அதனை அவரிடமே கூறிப் பாராட்டுங்கள். பின், மூடிய பெட்டியிலிருந்து மருந்தை எடுத்து, அவர் ஓதும் இடத்தில் மணிமாலைக்கு அருகிலேயே வையுங்கள். மருத்துவரிடம் காட்டி, எந்த மருந்து எந்த வேளைக்கு என்று மீண்டும் தெரிந்துகொண்டு, காலை ஓதல் முடிந்ததும் காலை மருந்து, மாலை ஓதல் முடிந்ததும் மாலை மருந்து என்று வழக்கப்படுத்துங்கள். விடாமல் ஓதும் ஒழுக்கம் உடையவர், விடாமல் மருந்து உண்ணும் ஒழுக்கத்தையும் எளிதிற் கைக்கொள்வார். இந்த வாரமே அவரை அழைத்துச் சென்று நெஞ்சுப் படமும் சளிச் சோதனையும் செய்வியுங்கள். இதனைத் தள்ளிப்போட வேண்டா.

நம் தமிழில் மாத்திரை என்னும் சொல் ஒன்றே. இலக்கணத்தில் அது எழுத்தை ஒலிக்கும் காலத்தின் அளவு. மருத்துவத்தில் அது மருந்தின் அளவு. உங்கள் தந்தையார்க்கு இரண்டு மாத்திரையும் வேண்டும். ஒன்றை அவர் நாவு தரட்டும். மற்றொன்றை உங்கள் கை தரட்டும்.

நேயர்கள் தம் ஐயங்களை எழுதுக. அடுத்த திங்கள் மீண்டும் காண்போம்.